டெக்சஸ் மாஸ்டர் நேச்சுரலிஸ்ட்: எந்த உழைப்பு பணி நேரமாக ஏறும்?

கேள்வி: புல்வெளிவாசி, ஹூஸ்டன்

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸ் மாநிலப் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அமைப்பின் அக்ரிலைஃப் விரிவாக்கப் பணி நிறுவனமும் இணைந்து நடத்தும் மாஸ்டர் நேச்சுரலிஸ்ட் என்ற இயற்கைப் பாதுகாப்புத் தன்னார்வலர் பயிற்சியில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். சான்றிதழ் பெறுவதற்குக் குறைந்தது 40 மணி நேர அடிப்படைப் பயிற்சி, 8 மணி நேர மேம்பட்ட பயிற்சி, 40 மணி நேரத் தன்னார்வப் பணி ஆகியவை வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் எது பணியாகக் கொள்ளப்படும், எது கொள்ளப்படாது என்பதில் எனக்குச் சில ஐயங்கள் உள்ளன.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளுக்காக அவற்றின் புழுக்கள் உண்ணும் மில்க்வீட் செடிகளை வளர்த்து வருகிறேன். மழைமானி ஒன்றும் வைத்திருக்கிறேன். இவற்றுக்குச் செலவிடும் நேரத்தைக் கணக்கில் ஏற்றலாமா? வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் பிள்ளைகளைப் பிரேசோஸ் பெண்ட் மாநிலப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டினால் அது பணியாகுமா? ஹூஸ்டனுக்கு மேற்கே உள்ள கேட்டி பிரேரி புல்வெளியில் அயல் செடிகளை அகற்றும் வேலைக்குப் போய்வரும் பயண நேரம் சேருமா? பள்ளியில் படிக்கும் என் மகனும் உடன் வர விரும்புகிறான். அவனுடைய நேரத்தை எங்கே பதிவது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கொக்குநோக்கி, ஆஸ்டின்

வணக்கம் சகோதரி. இந்தத் திட்டம் ஊர்வாரியான கிளைகள் வழியே நடக்கிறது. எங்கள் கிளையில் உறுப்பினர்கள் ஏற்றும் மணிக்கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்கிறவர்களில் பலர் உழைப்பின் அளவைக் கொண்டு கணக்கிடப் பார்க்கிறார்கள். நேரம் ஏறுவது உழைப்புக்காக அல்ல, உங்கள் கிளை முன்கூட்டியே அனுமதித்த திட்டம் ஒன்றின்கீழ் அந்த உழைப்பு நடந்ததா என்பதற்காக. நாள் முழுதும் வெயிலில் நின்று ஓடைக்கரையைத் துப்புரவு செய்திருந்தாலும், அந்த வேலை அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லையென்றால் அது நற்செயல்தான், பணி நேரம் ஆகாது. இதைக் கடுமை என்று சிலர் வருந்துவதுண்டு. நான் அதை நியாயம் என்றே கருதுகிறேன். 1937ஆம் ஆண்டின் கூட்டாட்சி வனவிலங்கு நிதிச் சட்டத்தின்படி ஒரு திட்டச் செலவில் முக்கால் பங்கு வரை மத்திய அரசு தரும், எஞ்சியதை மாநிலம் தன் பங்காகக் காட்ட வேண்டும். இத்தகைய மானியங்களில் தன்னார்வலர்களின் நேரத்தையும் பண மதிப்பாக்கி அந்தப் பங்கில் சேர்க்க இடமுண்டு. ஆகவே நாம் பதியும் ஒவ்வொரு மணிக்கும் யாரேனும் கேட்டால் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

உங்கள் பின்கட்டுக்கு வருகிறேன். சொந்த மனையில் செடி நடுவதும் நீரூற்றுவதும் களையெடுப்பதும் எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்தாலும் பணியாகா. ஆனால் அதே செடியில் நீங்கள் செய்யும் அவதானிப்பு, பொதுமக்கள் தரவு திரட்டித் தரும், அனுமதிக்கப்பட்ட மக்கள் அறிவியல் திட்டம் ஒன்றுக்குத் தரவாகப் போனால் நிலைமை மாறுகிறது. மொனார்க் புழுக் கண்காணிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு மில்க்வீட் செடியாக இலைகளைத் திருப்பிப் பார்த்து, அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் வெண்மஞ்சள் முட்டைகளை எண்ணி, புழுக்களை அவற்றின் ஐந்து பருவங்களில் எது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று பிரித்துக் குறித்து, அந்த எண்ணிக்கையைத் திட்டத்தின் தளத்தில் ஏற்றுகிறார்கள். எண்ணிப் பதிவேற்றிய நேரம் பணியாகும். செடி வளர்த்த நேரம் ஆகாது. (இடையில் ஒரு வேண்டுகோள்: உங்களிடம் இருப்பது சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீட் என்றால் குளிர்காலத்தில் அதைத் தரையோடு வெட்டிவிடுங்கள். வளைகுடாக் கரையின் மிதமான குளிரில் அது பட்டுப்போகாமல் நிற்பதால் வண்ணத்துப்பூச்சிகளைத் தாக்கும் ஒட்டுண்ணி அதன் இலைகளில் சேர்ந்துகொண்டே போகிறது.)

மழைமானிக்கும் இதே வழிதான். 1997இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் ஏற்பட்ட பெருவெள்ளத்துக்குப் பின், 1998இல் தொடங்கப்பட்ட கோகோராஸ் என்ற மழை அளவீட்டு வலையமைப்பு பல கிளைகளின் பட்டியலில் இருக்கிறது. நான்கு அங்குல விட்டமுள்ள மானியில், அங்குலத்தின் நூற்றிலொரு பங்கு வரை நுணுக்கமாகப் படித்து, ஒவ்வொரு நாள் காலையிலும் பதிவிட வேண்டும். மழை பெய்யாத நாளில் பூஜ்யம் என்று பதிவதும் தரவுதான், அதைப் புறக்கணிக்காதீர்கள். அன்றாடம் ஆகும் சில நிமிடங்களைச் சேர்த்து மாதம் ஒருமுறை ஏற்றலாமா என்பதைக் கிளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: தட்டான், டாலஸ்

மேலே எழுதிய நண்பர் விட்டவற்றைச் சொல்கிறேன். அனுமதிக்கப்பட்ட பணிக்குப் போய்வரும் பயண நேரத்தைப் பணியோடு சேர்த்துப் பதியலாம். பணிக்கு வேண்டிய முன்தயாரிப்பையும் அவ்வாறே. மேம்பட்ட பயிற்சிக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே உரை கேட்ட நேரமும் களத்தில் கற்ற நேரமும் மட்டுமே சேரும், வண்டி ஓட்டிய நேரம் சேராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஆண்டிறுதியில் 8 மணி நேரம் நிறையாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே மணி நேரத்தைப் பணியாகவும் பயிற்சியாகவும் இரண்டு இடத்தில் காட்டுவதும், வேறு அமைப்பில் ஏற்கெனவே கணக்குக் கொடுத்த நேரத்தை இங்கேயும் பதிவதும் கூடாது. நம்மில் சிலர் மாஸ்டர் கார்டனர் என்ற தோட்டக்கலைத் தன்னார்வலர் அமைப்பிலும் இருக்கிறோம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஊதியம் பெற்றுச் செய்த வேலையும் சேராது. செய்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் ஏற்றிவிட வேண்டும். ஆகையால் களத்திலிருந்து திரும்பிய அன்று மாலையே பதிந்துவிடுவதுதான் உத்தமம்.

பயண நேரத்தைச் சேர்ப்பது மணிக்கணக்கை ஊதிப் பெருக்குவதாகும் என்று எங்கள் கிளையில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டெக்சஸின் தூரங்கள் அப்படிப்பட்டவை. அதிகாலையில் கிளம்பி நெடுந்தொலைவு வண்டியோட்டிப் போய் லிகஸ்ட்ரம் என்ற அயல் செடியின் புதர்களை அறுத்து, வெட்டிய கட்டைகளில் களைக்கொல்லி தடவிவிட்டுத் திரும்புகிறவர் அந்த நாளை முழுமையாகவே கொடுத்திருக்கிறார். ஆனால் வழியில் கடைகண்ணிக்குப் போன நேரத்தையும் அதில் சேர்த்துவிடக் கூடாது.

உங்கள் மகனைப் பற்றி: இந்தத் திட்டத்தில் உறுப்பினராகப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. அவன் உழைத்த நேரத்தை உங்கள் கணக்கில் ஏற்ற முடியாது. பணி நடக்கும் பூங்காவிடம் சிறார் கலந்துகொள்ள அனுமதி உண்டா என்று கேட்டு, பள்ளிக்குத் தேவையென்றால் அவர்களிடமே கையொப்பம் பெறுங்கள்.

புல்வெளிவாசி, ஹூஸ்டன்

இருவருக்கும் மிக்க நன்றி. மொனார்க் கண்காணிப்பில் இந்த வாரமே பதிவு செய்துகொள்கிறேன். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய கேள்வி மட்டும் நிற்கிறது. நடை முழுவதும் தமிழில் நடக்கும் என்பது தடையாகுமா?

பதில்: கொக்குநோக்கி, ஆஸ்டின்

மொழி தடையாகாது என்பது என் உறுதியான எண்ணம். ஆங்கிலம் வழியாக எட்ட முடியாத தாத்தா பாட்டிகளும் உடன் வந்தால் கிளை அதை வரவேற்கவே செய்யும். கேள்வி வேறு இடத்தில் எழும். உங்கள் பிள்ளைகளையும் தோழியரின் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவது குடும்ப உலா. முன்கூட்டி அறிவித்து, எவரும் சேரக்கூடியதாக, இயற்கையைக் கற்பிக்கும் திட்டத்தோடு நடத்துவது நேரடிக் கல்விப் பணி. எனவே இதைத் தமிழ்ப் பள்ளியின் நிகழ்ச்சியாக மட்டும் வைக்காமல் கிளையின் நிகழ்ச்சியாகவும் ஆக்குங்கள். நடைக்குப் பல வாரங்கள் முன்பே, எங்கே, எந்த வயதினருக்கு, எதைக் கற்பிக்கப் போகிறீர்கள், பூங்கா நிர்வாகத்தின் இசைவு கிடைத்ததா என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கிளையின் திட்டக் குழுவுக்கு அனுப்புங்கள். அனுமதி எழுத்தில் வந்த பிறகு நாளைக் குறியுங்கள். பிரேசோஸ் பெண்டில் முதலைகள் பாதையோரத்திலேயே வந்து வெயில் காயும் என்பதால், எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். குழு முதலில் கேட்பது அதைத்தான்.