போல்ட் ஆக்‌ஷன்: திருகாணியா, தாழ்ப்பாளா?

> 'போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்' என்பதற்குத் 'திருகாணி இயக்கத் துப்பாக்கி' என்று போட்டிருக்கிறேன். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் பற்றிய கட்டுரைக்காக. சரிதானா?

இல்லை அம்மா. இது நட்டோடு வரும் போல்ட் அல்ல, கதவில் இருக்கும் போல்ட். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் பழைய இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று உண்டு. குமிழை நிமிர்த்திவிட்டுப் பின்னால் இழுத்தால்தான் திறக்கும். சாத்தும்போதும் வெறுமனே தள்ளினால் போதாது, குமிழைக் கீழே மடக்க வேண்டும். மறந்தால் காற்றுக்கே திறந்துகொள்ளும். வேட்டைத் துப்பாக்கியிலும் கைக்கு அதே வேலைதான்: தூக்கு, இழு, தள்ளு, மடக்கு. இழுக்கும்போது சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். தள்ளும்போது அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும்.

ஆகவே 'தாழ்ப்பாள் துப்பாக்கி'. (துப்பாக்கியைத் 'துமுக்கி' என்றே எழுத வேண்டும் என்னும் தனித்தமிழ் அணியினர் பொறுத்தருள்க.)

உறுப்புகளுக்கும் கதவிலிருந்தே சொல் எடுக்கலாம். முன்னும் பின்னும் ஓடும் உருளை, தாழ். கையில் பிடிப்பது தாழ்ப்பிடி. 1898 மாடல் மௌசர் என்ற ஜெர்மன் துப்பாக்கியில் தாழின் முன்நுனியில் எதிரெதிராக இரண்டு புடைப்புகள் இருக்கும். பிடியை மடக்கியதும் அவை தோட்டா அறையை ஒட்டியுள்ள பள்ளங்களில் போய் உட்காரும். வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது இவைதான். பின்னால் உள்ள மூன்றாவது வெறும் காப்புக்கு. புடைப்பைப் பூட்டுப்பல் என்போம், பள்ளத்தை நாதாங்கி என்போம். லீ என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் துப்பாக்கியில் பூட்டுப்பற்கள் தாழின் பின்பகுதியில் இருக்கும். அதைப் 'பின்பூட்டு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்.

'எக்ஸ்ட்ராக்டர்' என்பதைப் 'பிரித்தெடுப்பான்' ஆக்கியிருக்கிறீர்கள். எனக்கு வேதியியல் ஆய்வகம்தான் நினைவுக்கு வருகிறது. மௌசரில் அது தாழின் பக்கவாட்டில் கிடக்கும் நீளமான எஃகு வில். தாழ் திரும்பினாலும் அது திரும்பாது. துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியிலிருந்து தோட்டா மேலெழும்போதே அதன் அடிவிளிம்பைப் பிடித்துக்கொண்டு, கூட்டை வெளியே எறியும்வரை விடாது. 'கவ்வி' போதும். 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காகக் கார்பெட் பரிசாகப் பெற்ற .275 ரிக்பி துப்பாக்கியிலும் இருப்பது இந்த மௌசர் அமைப்புதான். உங்கள் கட்டுரைக்கு இது கட்டாயம் தேவைப்படும்.

---

> உருளை, தாழ்.

தாழ்ப்பாள் எனக்கும் பிடித்திருக்கிறது ஐயா. ஆனால் தாழுக்கு வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள். 'தாழை இழுத்தான்' என்றால் வேட்டைக்காரன் தாழம்பூ பறிக்கிற மாதிரி இல்லையா? யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தாழ்ப்பாள் திறாங்கு, துப்பாக்கி துவக்கு. 'திறாங்குத் துவக்கு' கேட்க நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் திறாங்கு போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், நம் சொல்லாக்கக் குழுமம் ஒத்துக்கொள்ளாது.

---

தாழம்பூ எனக்குத் தோன்றவே இல்லை! அப்படியானால் உருளையைத் 'தாழ்த்தண்டு' என்று வைத்துக்கொள்வோம். 'தாழ்த்தண்டை இழுத்தான்' என்றால் குழப்பம் வராது. நாதாங்கியை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.