கோத்தா பாருவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குத் தனியாகக் கார் பயணம்: எந்தப் பாதை நல்லது?

கேள்வி (மலேசியாவின் கிளந்தான் மாநில ஆசிரியை):
வணக்கம். இவ்வாண்டுப் பொங்கலைச் சுங்கை சிப்புட்டில் உள்ள என் கல்லூரித் தோழிகளுடன் கொண்டாட, கோத்தா பாருவிலிருந்து தனியாகக் காரோட்டிச் செல்லவிருக்கிறேன். விரைந்து போய்ச் சேர்வதைவிட, காட்டையும் மலையையும் ஆங்காங்கே நின்று பார்த்தவாறு செல்லவே விரும்புகிறேன். ஜெலி, கெரிக் வழியாகச் செல்வதா, குவா முசாங், லோஜிங் வழியாகக் கேமரன் மலையைக் கடப்பதா என்று முடிவு செய்ய இயலவில்லை. பாதையறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (சுங்கை சிப்புட் வாசகர்):
சகோதரி, கெரிக் வழியாகவே வாருங்கள். 1982-இல் திறக்கப்பட்ட கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை 100 கிலோமீட்டருக்கும் மேலாகக் காட்டுக்குள்ளேயே செல்வதால், ஜெலியிலேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். பல இடங்களில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது. கெரிக்கை எத்தனை மணிக்கு அடைவீர்கள் என்பதைத் தோழிகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். தித்திவங்சா ஓய்விடத்தில் மூடுபனி விலகும்வரை காத்திருந்தால் மலைத்தொடர் தெளிவாகத் தெரியும். அதன் பிறகு வரும் தெமங்கோர் ஏரி, பேராக் ஆற்றில் அணை கட்டியதால் உருவானது. மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் நீருக்கு மேலே நிற்கின்றன. கெரிக்கிலிருந்து லெங்கோங் வழியாக அதே ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கி, கோலகங்சாரில் அந்த ஆற்றை மீண்டும் காண்பீர்கள். இதற்கு இணையான பாதை வடக்கில் வேறில்லை என்பேன்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: இருட்டிய பின் அந்தக் காட்டுச் சாலையில் இருக்காதீர்கள். அங்கே யானைகள் சாலையைக் கடக்கும். 2025 மே மாதம் லாரி மோதி இறந்த கன்றை விட்டு நகர மறுத்து, அதன் தாய் அந்த லாரியருகிலேயே நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். உங்களுக்காக மட்டுமன்றி, அந்த உயிர்களுக்காகவும் மெதுவாக ஓட்டுங்கள்.

பதில் 2 (ஈப்போ வாசகர்):
எனக்குக் கேமரன் பாதையே பிடிக்கும். கம்போங் ராஜாவை அடைந்துவிட்டால் கடைகளும் ஆள்நடமாட்டமும் உண்டு. கார் பழுதானாலும் உதவி கிடைக்கும். சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் ஈப்போ. அங்கிருந்து சுங்கை சிப்புட் அருகில்தான். ஆனால் ஜனவரியில் தொடர்மழை பெய்தால் மண்சரிவுச் செய்திகளைப் பார்க்காமல் அந்தப் பாதையில் புறப்பட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. விடிந்ததும் புறப்பட்டு, கெரிக் வழியாகவே வருகிறேன். கோலகங்சாரில் சிறிது நேரம் நிற்கலாமா?

பதில் 3 (தோட்டத்தில் பிறந்தவர்):
அவசியம் நில்லுங்கள் தங்கையே. உபுடியா பள்ளிவாசலை எல்லாரும் பார்ப்பார்கள். மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் நிற்கும், 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரத்தையும் பாருங்கள். நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போன தோட்டங்களின் வரலாறு அந்த நடவிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் வரும் ஊரும் அவ்வரலாற்றைச் சேர்ந்ததே: தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற துண்டாடலால் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தபோது, அவர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாக (மலாயா டாலராக) சேர்த்து, 1960-இல் தோட்டங்களை வாங்கக் கூட்டுறவுச் சங்கம் அமைத்த துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். கரும்பும் பொங்கல் பானையும் இங்கே பட்டணத்திலேயே கிடைக்கும், அவற்றைச் சுமந்து வர வேண்டாம். கிளந்தான் மீன் கெரோப்போக் (மீன் அப்பளம்) மட்டும் நிறையக் கொண்டு வாருங்கள். பொங்கலன்று வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு அது போதாமல்தான் போகும்.