பாகல், பீர்க்கன் பிஞ்சு வெம்புது, கத்தரிப் பூ கொட்டுது: தேனீப் பெட்டி வைத்தால் சரியாகுமா?

செங்குன்றம் 30 சென்ட்:
பந்தலில் பாகல், பீர்க்கன், பக்கத்தில் கத்தரி. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி உதிருது. தங்குகிற காயும் நுனி சூம்பி வளையுது. கத்தரியில் பூவே நிற்கல. ஒரு இந்தியத் தேனீப் பெட்டி வைத்தால் மூன்றுக்கும் போதுமா?

பந்தல் காய்கறி:
சார், முதலில் உதிர்ந்த பிஞ்சை நறுக்கிப் பாருங்க. புழு இருந்தால் பழ ஈ. அதற்குத் தேனீ மருந்தில்லை. புழு இல்லாமல் விதை பிடிக்காமல் இருந்தால் மகரந்தம் போதல. விதை பிடித்த பக்கம்தான் சதை பெருக்கும், நுனி சூம்புவதும் அதனால்தான்.

பாகல் விடியலில் மலரும், தேனீ நன்றாக உதவும். பீர்க்கன் மலர்வது சாயங்காலம். அப்போது தேனீ கூட்டுக்குத் திரும்பியிருக்கும், அந்துப்பூச்சிதான் வரும். அதனால் பீர்க்கனுக்குக் கைதான் நம்பகம். இருட்டுவதற்குள் அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளி எறிந்து, அடியில் குட்டிக் காயுள்ள பெண் பூவின் நடு முடியில் மெல்லத் தடவுங்க. ஒரு ஆண் பூ 2, 3 பெண் பூவுக்கு வரும். யூரியா அதிகம் போட்டால் ஆண் பூதான் கூடும்.

சோழவரம் கத்தரி:
கத்தரிக்குத் தேனீப் பெட்டியால் பெரிய லாபமில்லை. அதன் மகரந்தப்பை நுனித் துளை வழியாகத்தான் திறக்கும்; பூவைப் பற்றி அதிரவைத்தால் தூள் கொட்டும். அந்த அதிர்வு மரம் குடையும் பெரிய கருப்புத் தேனீயான கருவண்டுக்கு வரும், பெட்டித் தேனீக்கு வராது. பந்தலில் அது கூடு வைக்கக் குடைந்த காய்ந்த மூங்கிலைத் தயவுசெய்து எரிக்காதீங்க. நடுத்தண்டு மகரந்தப்பைக்குள்ளேயே குட்டையாக நிற்கும் பூ எப்படியும் கொட்டும், நீண்டு வெளியே தெரிவதுதான் காய்க்கும்.

செங்குன்றம் 30 சென்ட்:
அப்போ பாகலுக்காக மட்டும் வைக்கிறேன். எப்போது?

பந்தல் காய்கறி:
வடகிழக்கு மழையில் தேனீ வெளியே போகாது. தைப்பட்டக் கொடியில் பெண் பூ தெரிய ஆரம்பித்ததும் வைங்க. முன்னாடியே வைத்தால் வேறு பூவுக்குப் பழகிவிடும். உங்கள் அளவுக்கு ஒரு பெட்டி போதும். மர நிழல், கிழக்குப் பார்த்த வாசல், எறும்பு ஏறாமல் ஸ்டாண்டு கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம். சித்திரை வெயிலில் மேலே ஈரச் சாக்கு போடாவிட்டால் கூட்டமே ஓடிவிடும். பூக்கும் காலத்தில் இமிடாகுளோபிரிட் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம், வேரில் ஊற்றினாலும் பூத்தேனில் ஏறும். அசுவினிக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, அதையும் தேனீ அடங்கிய பிறகு அடிங்க.