ரயில், மெட்ரோ, பஸ் பணம் பற்றி அவையில் பேசியதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? அனுபவம் பகிருங்கள்

வைகைப்பயணி:
நானே ஆரம்பிக்கிறேன். 2019 ஜூலை 11, மக்களவையில் ரயில்வே மானியக் கோரிக்கை விவாதம், அதாவது அமைச்சகம் தன் செலவுக்கு அவையிடம் பணம் கேட்பது. பார்வையாளர் மாடத்துக்கு எங்கள் தொகுதி எம்.பி. கையெழுத்தில் பாஸ் வாங்கியிருந்தேன். செல்போன், பை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு மணி நேரம்தான், அதற்குமேல் எழுப்பிவிடுவார்கள்.

அந்த மாதம் 5ஆம் தேதி பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன், 2018க்கும் 2030க்கும் நடுவே ரயில்வேக்கு 50 லட்சம் கோடி ரூபாய் முதலீடு தேவை என்று சொல்லியிருந்தார். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கோடி என்ற வேகத்தில் போனால் ஏற்கனவே ஒப்புதல் ஆன திட்டங்களை முடிக்கவே பல பத்தாண்டுகள் ஆகும், அதனால் தனியார் பங்களிப்பு வேண்டும் என்பது வாதம். 'ரயில்வேயை விற்கப் பார்க்கிறார்கள்' என்று எதிர்க்கட்சிகள். 'தனியார்மயம் என்ற பேச்சுக்கே இடமில்லை' என்று அமைச்சர் பியூஷ் கோயல். இந்தச் சண்டையைப் பார்க்கத்தான் போனேன்.

நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் கேட்டது வேறு. எங்கள் ஊரில் இந்த எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும். நடைமேம்பாலம் வேண்டும். இரண்டாவது நடைமேடைக்குக் கூரை வேண்டும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர், கையில் மனுக் கட்டோடு. முதலில் சலிப்பாகத்தான் இருந்தது. 50 லட்சம் கோடியைப் பற்றிப் பேசச் சொன்னால் கூரையைப் பற்றிப் பேசுகிறார்களே என்று. ராத்திரி அறையில் டிவியைப் போட்டால் அப்போதும் அவை நடக்கிறது. கிட்டத்தட்ட நள்ளிரவு வரை போனது. வரிசையில் காத்திருந்து, ஏறக்குறைய காலியான அவையில் ஒரு எம்.பி. தன் ஊர் ஸ்டேஷன் பெயரைப் பதிவாக்கிவிட்டுப் போகிறார். அதையும் வெட்டிப்பேச்சு என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

மற்றவர்கள் சொல்லுங்கள்.

பழைய உதவியாளர்:
அந்த மனுக் கட்டைத் தயார் செய்யும் இடத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் நான். எதிர்க்கட்சி எம்.பி. ஒருவரிடம். வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று இருக்கிறது, வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. 'ரயில்வே தலைப்பிலான தொகையில் 100 ரூபாய் குறைக்கப்பட வேண்டும்' என்று எழுதி, கீழே காரணம்: இன்ன ஸ்டேஷனில் இன்ன வண்டி நிற்காதது. லட்சக்கணக்கான கோடியில் நூறு ரூபாயை வெட்டச் சொல்லிக் கேட்பது! முதல் தடவை டைப் செய்தபோது சிரித்துவிட்டேன். கொள்கையையே எதிர்ப்பதென்றால் மொத்தத் தொகையையும் 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்ல வேண்டும். எதுவும் நிறைவேறப் போவதில்லை, நிறைவேறினால் அரசே ஆட்டம் கண்டுவிடும். ஆனால் குறை அச்சில் ஏறிவிடும்.

கேள்விகளும் அப்படித்தான். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு, அதன்பின் குலுக்கல். மக்களவையில் ஒரு நாளைக்கு, அமைச்சர் அவையிலேயே பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20தான், அதிலும் வாய்மொழியாகப் பதில் கிடைப்பது சிலவற்றுக்கே. மீதி 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். டிவியில் வராத அந்த எழுத்துப் பதிலில்தான் விஷயம் இருக்கும் என்பது என் கருத்து. சத்தம் போட்டு வெளிநடப்பு செய்பவர்கள்கூட மறுநாள் அந்தத் தாளைத்தான் தேடுவார்கள்.

இன்னொன்று. எல்லா அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையும் விவாதத்துக்கு வராது. சிலவற்றைத்தான் எடுப்பார்கள். மீதியைக் கடைசி நாள் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடுவார்கள், கில்லட்டின் என்பார்கள். மெட்ரோவுக்குப் பணம் தரும் நகர்ப்புற அமைச்சகம் அதில் போகும் வருடத்தில் ஒருவரும் வாய் திறக்க வாய்ப்பில்லை.

செஞ்சிக்காரன்:
பழைய உதவியாளர் அண்ணன் சொன்னதோடு பிங்க் புக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எந்த ரயில் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று பட்ஜெட்டோடு வரும் பட்டியல் அது. திண்டிவனம் - செஞ்சி - திருவண்ணாமலை பாதை 2006-07இல் ஒப்புதல் ஆனது, 71 கிலோமீட்டர். நான் பள்ளியில் படிக்கும்போதே 'ரயில் வரப்போகுது' என்றார்கள். பட்ஜெட் முடிந்ததும் பிங்க் புக்கை இறக்கி எங்கள் வரியைத் தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதில் தொகையை ஆயிரங்களில் போடுவார்கள். சில வருடங்களில் தமிழ்நாட்டுப் புதிய பாதைகள் பலவற்றின் எதிரே வெறும் '1' என்று இருந்தது. அதாவது 1,000 ரூபாய். திட்டத்தின் உயிர் போகாமல் இருக்க.

2025-26இல் தமிழ்நாட்டுக்கு 6,626 கோடி, 2009-14இல் ஆண்டுக்குச் சராசரி 879 கோடிதான் என்று ரயில்வே அமைச்சர் சொல்கிறார். நம் எம்.பி.க்கள் புதிய பாதைக்கு என்ன கொடுத்தீர்கள் என்கிறார்கள். மாநிலம் நிலம் எடுத்துத் தரவில்லை என்று பதில் வருகிறது. மூன்றுமே பொய்யில்லை என்பதுதான் கொடுமை. வண்டிதான் வரவில்லை.

ஓஎம்ஆர்_வாசி:
சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத் தடுப்புக்கு நடுவே தினமும் ஆபீஸ் போகிறவள் நான். பச்சை, நீலத் தகடு இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் சந்து, அதில் பைக்கும் வரும், ஆளும் வரும், மழை பெய்தால் எதன்மேல் கால் வைக்கிறோம் என்றே தெரியாது. இதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று அந்தக் கடுப்பில்தான் தேட ஆரம்பித்தேன்.

118.9 கி.மீ., 63,246 கோடி ரூபாய். மத்திய அரசும் பங்கு தரும் என்று 2021 பிப்ரவரி 1 பட்ஜெட் உரையிலேயே இருக்கிறது. அதன்பின் நம் எம்.பி.க்கள் மாறி மாறிக் கேட்கிறார்கள், பணம் எங்கே என்று. எழுத்துப் பதிலில் கிடைத்தது, 'மாநிலத் துறைத் திட்டம்' என்ற வகைப்பாடு. அப்படியென்றால் செலவில் சுமார் 90 சதவீதம் மாநிலத்தின் தலையில். 2024 அக்டோபர் 3இல் அமைச்சரவை ஒப்புதல் வந்தபின் மத்திய அரசின் பொறுப்பு ஏறத்தாழ 65 சதவீதம்: 33,593 கோடி கடன், 7,425 கோடி பங்கு மூலதனமும் துணைக் கடனும். மாநிலத்துக்கு 22,228 கோடி.

இதில் எனக்குப் புரியவே நாளானது ஒன்று: பெரும்பகுதி முன்பும் பின்பும் ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி மாதிரி வெளியே வாங்கும் கடன்தான். யார் கணக்கில் அந்தக் கடன் நிற்கிறது என்பதுதான் சண்டையே. மாநிலக் கணக்கில் நின்றால் அதன் கடன் வரம்பு கரையும், வேறு வேலைக்குக் கடன் வாங்க முடியாது. அவையில் இதைப் பொறுமையாக விளக்கிப் பேசியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. 'வஞ்சிக்கிறது', 'பொய் சொல்கிறார்கள்' - இதற்குத்தான் கிளிப் போகிறது.

டிப்போ மகன்:
எல்லாரும் தண்டவாளத்தையே பேசுகிறீர்கள். அப்பா அரசு பஸ் டிரைவர், ஓய்வு பெற்றுவிட்டார். பஸ்ஸுக்கு டெல்லியில் யார் பேசினார்கள்? மத்திய அரசின் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தில் 2009 வாக்கில் பஸ் வாங்கப் பணம் வந்தது. பக்கவாட்டில் திட்டத்தின் பெயர் எழுதிய தாழ்தளப் பஸ்களை நினைவிருக்கும். வாங்கத்தான் பணம் வந்தது, ஓட்ட வரவில்லை. உதிரிபாகம் இல்லாமல் டிப்போ மூலையில் நின்று, சக்கரத்தைக் கழற்றி அடுத்த வண்டிக்கு மாட்டியதை அப்பா சொல்லுவார். யானை வாங்கிக் கொடுத்துவிட்டு அங்குசத்தை நீயே பார்த்துக்கொள் என்ற கதை.

2023 ஆகஸ்டில் ஒப்புதல் ஆன மத்திய அரசின் மின்சாரப் பஸ் திட்டம் பிஎம் இ-பஸ் சேவாவில்தான் கிலோமீட்டர் கணக்கில் 10 வருடம் இயக்கச் செலவுக்கு உதவி என்று போட்டார்கள். 57,613 கோடித் திட்டம், மத்திய அரசு 20,000 கோடி, 10,000 பஸ். அது சரியான பாதை என்று நினைக்கிறேன்.

சட்டமன்றத்தில் மட்டும் பஸ் வந்தாலே 'நஷ்டம்'. 2021 மே 8 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோதும் அதே சொல். டிக்கெட்டுக்குப் பதில் அரசே போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கட்டுகிறது. மேம்பாலம் கட்டினால் முதலீடு, பஸ் ஓட்டினால் நஷ்டமா?

ஓஎம்ஆர்_வாசி:
டிப்போ மகன், ஒத்துக்கொள்கிறேன், ஒரு சந்தேகத்தோடு. கட்டும் பணம் சரியான நேரத்துக்குக் கழகத்துக்குப் போகிறதா என்பதையும் சட்டமன்றத்தில் யாராவது கேட்க வேண்டும். மெட்ரோவுக்குப் போடும் பணத்தால் ஊருக்கு எவ்வளவு பொருளாதாரப் பலன் என்று கணக்குக் காட்டச் சொல்கிறது 2017 மெட்ரோ கொள்கை, பலன் விகிதம் 14 சதவீதமாவது வர வேண்டும். பஸ்ஸுக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் கேட்பதில்லை. கேட்டால் பஸ்தான் ஜெயிக்கும்.

வைகைப்பயணி:
மாடத்து பாஸ் பற்றித் தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: எம்.பி. மூலமாகத்தான் விண்ணப்பிக்க முடியும், உங்களைத் தனக்குத் தெரியும் என்று அவர் உறுதி கொடுக்க வேண்டும். 2023 டிசம்பர் 13இல் மாடத்திலிருந்து அவைக்குள் ஆட்கள் குதித்த சம்பவத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் நிறுத்தியே வைத்திருந்தார்கள், அதனால் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். டெல்லி போக முடியாதவர்கள் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அமைச்சகம், தேதி போட்டுத் தேடினால் எழுத்துப் பதில்கள் பிடிஎஃப்பாகவே கிடைக்கும். செஞ்சிக்காரன், உங்கள் பாதை பற்றிய பதில்கள் கிடைத்தால் இங்கே போடுங்கள்.