64 வயது அம்மாவுக்குப் பயணக் காப்பீடு: பெரிய தொகையா, சப்-லிமிட் இல்லாததா?

தூரவானம்:
அம்மாவோடு 21 நாள் ஷெங்கன் நாடுகளுக்குப் போகிறோம். அம்மாவுக்கு 64 வயது. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை எடுக்கிறார். கையில் இரண்டு பாலிசி இருக்கிறது. ஒன்று 50,000 யூரோவுக்கு, ‘சப்-லிமிட் இல்லை’ என்று போட்டிருக்கிறது. இன்னொன்று 1,00,000 யூரோ, ஆனால் பிரீமியம் குறைவு. இது எப்படி? மாத்திரை விஷயத்தைச் சொன்னால் பாலிசியே தரமாட்டார்களோ என்ற பயமும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
முகப்பில் இருக்கும் தொகையை ஓரமாக வையுங்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பல பாலிசிகளில் அறை வாடகை, ஐசியூ, அறுவை சிகிச்சை, டாக்டர் ஃபீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு இருக்கும். அதுதான் சப்-லிமிட். பிரீமியம் குறைவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 5 நாள் ஆஸ்பத்திரி, மொத்த பில் 12,000 யூரோ. அறை வாடகை நாளுக்கு 1,500, பாலிசியின் வரம்பு 1,200. நாளுக்கு 300 வீதம் 1,500 யூரோ அங்கேயே போயிற்று. டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் முதலில் நாம் கட்ட வேண்டிய பங்கு, 100 என்றால் கைக்கு வருவது 10,400. அறுவை சிகிச்சைக்கும் வரம்பு இருந்தால் இன்னும் குறையும். ஒரு லட்சம் என்ற எண்ணுக்கு இங்கே வேலையே இல்லை. ஷெங்கன் விசாவுக்குக் கேட்பது குறைந்தது 30,000 யூரோ. ஷெங்கன் நாடுகள் முழுவதிலும், தங்கும் நாள் முழுவதும் அது செல்ல வேண்டும். இரண்டுமே அதைத் தாண்டுகின்றன, ஆகவே நான் முதலாவதைத்தான் எடுப்பேன். ஆனால் அம்மாவின் நோய் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகு.

மருந்துச்சீட்டு:
தயவுசெய்து மறைக்காதீர்கள். பிரஷர், சுகர் என்று சொன்னாலும் பாலிசி தரும் நிறுவனங்கள் உண்டு. பிரீமியம் கூடலாம், அவ்வளவுதான். மறைத்தால் மாட்டிக்கொள்ளும் இடம் எது தெரியுமா? அட்மிஷன் குறிப்பு. டாக்டர் கேட்பார், அம்மா உண்மையைச் சொல்வார், ‘8 வருடமாக ரத்த அழுத்தம், தினமும் மாத்திரை’ என்று நர்ஸ் எழுதிவிடுவார். க்ளெய்மோடு அந்தத் தாளும் போகும். விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்திருந்தால், பக்கவாதத்துக்கும் பிரஷருக்கும் முடிச்சுப் போட்டு மறுப்பது அவர்களுக்குச் சுலபம்.

அடுத்து, ஏற்கெனவே உள்ள நோய்க்கு ‘உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். சுகர் சட்டென்று இறங்கி மயங்கி விழுந்தால் நிலை சீராகும்வரை கொடுப்பார்கள். அதற்குப் பிறகான பரிசோதனை, தொடர் சிகிச்சை, மாத்திரை எல்லாம் நம் செலவு. இந்த வரிகூட இல்லாமல் முழுவதுமாக விலக்கியிருந்தால் அந்த பாலிசி அம்மாவுக்கு வேண்டாம். இன்னொன்றும் கேளுங்கள்: சமீபத்தில் மாத்திரையின் அளவை மாற்றியிருந்தால், நோய் இத்தனை நாள் நிலையாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா?

மாத்திரை தொலைந்தால் பெரும்பாலும் காப்பீடு கிடையாது. 21 நாளுக்கு மேல் பத்து நாள் மாத்திரை கூடுதலாகக் கைப்பையிலேயே இருக்கட்டும். சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதி வாங்குங்கள். பிராண்ட் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.

தூரவானம்:
ரொம்ப நன்றி. உண்மையாகவே ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
உயிர் போகிற அவசரம் என்றால் முதலில் ஆம்புலன்ஸ். 112 ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் இலவசம். மற்றபடி பாலிசியில் இருக்கும் 24 மணி நேர உதவி எண்ணுக்குத்தான் முதல் அழைப்பு. அட்மிஷனுக்கு முன்னால் சொன்னால்தான் கேஷ்லெஸ், அதாவது காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் ஏற்பாடு, செய்ய முடியும். தாமதித்தால் முழுப் பணத்தையும் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டிவரும். பேசிய நேரம், பேசியவர் பெயர், கொடுத்த கேஸ் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உதவி எண்ணையும் பாலிசி எண்ணையும் தாளில் எழுதி அம்மாவின் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். செல்போன் சார்ஜ் போகும் நேரம் பார்த்துத்தான் தேவைப்படும்.

அவசரப்பட்டு ‘ஊருக்கே கூட்டிப் போய்விடலாம்’ என்று நீங்களே டிக்கெட் போடாதீர்கள். நோயாளியை இடம் மாற்றுவதை உதவி நிறுவனத்தின் டாக்டர் ஒப்புக்கொண்டால்தான் அந்தச் செலவு கிடைக்கும்.

வெளியே வரும்போது மொத்தத் தொகை மட்டும் இருக்கும் ரசீது போதாது. எதற்கு எவ்வளவு என்று பிரித்த பில், டிஸ்சார்ஜ் சம்மரி, பணம் கட்டிய ரசீது, மூன்றும் வேண்டும். போர்டிங் பாஸையும் தூக்கிப் போடாதீர்கள், பயணத் தேதிக்கு அதுதான் சாட்சி.

மூட்டைமுடிச்சு:
பெட்டி பற்றி ஒரு வார்த்தை. வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் விமான நிறுவனத்தின் கவுன்டரில் பிஐஆர், அதாவது பெட்டி வரவில்லை அல்லது சேதமானது என்று பதிவு செய்யும் அறிக்கை, வாங்குங்கள். அது இல்லாமல் காப்பீட்டில் கேட்பது கஷ்டம். உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்ததற்கு, பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள், விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையின் கெடு அது. நகை, லேப்டாப், பணம் எதையும் செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள். பெரும்பாலான பாலிசிகள் அவற்றுக்குக் கொடுப்பதில்லை.

தேதி போடும்போது திரும்பும் நாளுக்கு மேல் இரண்டு மூன்று நாள் சேர்த்து எடுங்கள். விமானம் ரத்தாகி ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் அந்த நாளும் காப்பீட்டுக்குள் இருக்கும். நீட்டிக்க வேண்டுமென்றால் பாலிசி முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும்.