வளையலை அளந்தால் 3.35 வருகிறதே, என்ன செய்வது?

கணக்கு டீச்சர்:
ஏழாம் வகுப்பு, 42 பிள்ளைகள். வட்டத்தின் சுற்றளவை இந்த முறை சூத்திரம் சொல்லாமல் ஆரம்பித்தேன். வளையல், டப்பா மூடி, சாப்பாட்டுத் தட்டு, எதையாவது எடுத்து நூல் சுற்றி அளங்கள், விட்டத்தையும் அளந்து வகுத்துப் பாருங்கள் என்று விட்டுவிட்டேன். கரும்பலகையில் 3, 3.1, 3.2, 3.07 என்று ஏறிக்கொண்டே வந்தது. வளையல் வைத்திருந்த பெண்ணுக்கு மட்டும் 3.35. மூன்று முறை அளந்தும் அதே 3.35. "நான் தப்பா டீச்சர்?" என்றாள், முகம் வாடிவிட்டது. மணி அடிக்க ஐந்து நிமிடம். பதற்றத்தில், "எல்லாருக்கும் 22/7 வரணும், எழுதிக்கோங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அதுவரை சத்தம் போட்டு வாதாடிய வகுப்பு சட்டென்று அமைதியாகி நோட்டைத் திறந்தது. இந்த மாதிரி இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

ரிட்டயர்டு வாத்தியார்:
அந்தப் பெண் கவனமாகத்தான் அளந்திருக்கிறாள் டீச்சர். கை நடுங்கி வருகிற பிழை மூன்று முறையும் ஒரே மாதிரி வராது. நூலை வளையலுக்கு வெளியே சுற்றியிருப்பாள், ஸ்கேலை உள்ளே வைத்திருப்பாள். உள்விட்டம் 6 செ.மீ., தடிமன் 2 மி.மீ. என்று வையுங்கள். வெளிவிட்டம் 6.4, வெளிச்சுற்று 20.1. அதை 6ஆல் வகுத்தால் 3.35தான். ஆனால் இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நூல் எங்கே இருந்தது, ஸ்கேல் எங்கே இருந்தது என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் ஒரு சைக்கிளை மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். வளையலின் விட்டத்தில் 2 மி.மீ. தப்பினால் விடை 0.1 வரை ஆடும், சக்கரத்தில் 0.01தான்.

போர்ஷன் முடிக்காதவன்:
எல்லாம் சரி. ஒரு 22/7க்கு மூன்று பீரியட் போனால் அரையாண்டுக்குள் எப்படி முடிப்பது? நான் ஒரு பீரியட் அளக்கவிடுவேன், மறுநாள் சூத்திரத்தை நானே எழுதிவிடுவேன். பை என்ற பெயரை எந்தப் பிள்ளையும் அளந்து கண்டுபிடிக்கப் போவதில்லை.

கணக்கு டீச்சர்:
இன்று வளையலைத் திருப்பிக் கொடுத்து, வாத்தியார் சொன்னதை மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் முழித்தாள். "அய்யோ, ஸ்கேல உள்ள வெச்சிட்டேன்!" இரண்டு மூலைமட்டங்களுக்கு நடுவே வளையலை நிறுத்தி வெளிவிட்டத்தை அளந்தது முழுக்க அவள் யோசனை, எனக்குத் தோன்றியிருக்காது. 3.14 வந்தது. சைக்கிள் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு உருட்டினோம்: ஒரு சுற்று 207 செ.மீ., விட்டம் 66. அதாவது 3.136.

போர்ஷன் சார், கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் 22ஐ 7ஆல் வகுத்துக்கொண்டே போனான். 142857 திரும்பத் திரும்ப வருதே, பையின் மதிப்பிலும் இப்படித்தான் வருமா என்று கேட்டான். நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போர்ஷன் முடிக்காதவன்:
வராது என்று நாளைக்கே சொல்லிவிடுங்கள். 1760களில் லாம்பர்ட் என்ற கணித அறிஞர் நிரூபித்த விஷயம் அது. எத்தனை சக்கரம் உருட்டினாலும் நூலும் ஸ்கேலும் அதைக் காட்டாது. ஆனால் அந்தப் பையனின் கேள்வியை என் வகுப்பிலும் கேட்டுப் பார்க்கப் போகிறேன். ஆமாம், மூலைமட்டத்தை மேசைமேல் நிற்க வைத்தாளா, படுக்க வைத்தாளா?