ஸ்லைம் மோல்டுக்கு நினைவு உண்டா, வெறும் குழாய் ஓட்டமா?

நுண்ணோக்கி: மூளையே இல்லாத உயிர் புதிர்ப்பாதையை விடுவித்தது என்று பரவும் 2000ஆம் ஆண்டுச் சோதனையைச் சரியாகப் படியுங்கள். நாககாகி குழு, ஃபைசாரம் பாலிசெஃபாலம் என்ற ஸ்லைம் மோல்டு (ஒரே பெரிய செல்லாக, குழாய் வலைபோல் படரும் மஞ்சள் உயிர்) பாதை முழுக்கப் படர்ந்த பிறகுதான் இரு முனைகளிலும் ஓட்ஸ் கலந்த அகார் (கடற்பாசிக் கூழ்) கட்டிகளை வைத்தது. அது வழி தேடி அலையவில்லை. நான்கு மணி நேரத்தில் முட்டுச்சந்துகளில் இருந்த குழாய்கள் சுருங்கின. அடுத்த நான்கு மணி நேரத்தில் குறுகிய வழியில் ஒரு தடித்த குழாய் மிஞ்சியது. உள்ளே திரவ ஓட்டம் மிகுந்த குழாய் பருக்கும், ஓட்டம் குறைந்த குழாய் மெலியும். இதில் புத்தி எங்கே?

மழைக்காடு: புதிர்ப்பாதையை உங்களுக்கே விட்டுத் தருகிறேன். 2016இல் பிரான்சின் துலூஸில் செய்த சோதனைக்கு என்ன சொல்கிறீர்கள்? உணவுக்குப் போகும் அகார் பாலத்தில் கசப்பான குயினைன் கலந்தார்கள். முதலில் தயங்கி, மெல்லிய இழையாகத்தான் கடந்தது. ஐந்து நாள் பழகியதும் சாதாரணமாகக் கடந்தது. குயினைனுக்குப் பழகியது காஃபினிடம் தயங்கியதால், உணர்வு மழுங்கிவிட்டது என்று தள்ள முடியாது. இரண்டு நாள் இடைவெளி விட்டால் பழைய தயக்கம் திரும்பியது. ஓட்டத்தை மட்டும் வைத்து இதை விளக்குங்கள்.

நுண்ணோக்கி: அதே குழுவினர் 2019இல் உப்பை வைத்துப் பார்த்தார்கள். பழகிய செல் உப்பை உறிஞ்சி வைத்திருந்தது. பழகாத செல்லுக்குள் நேரடியாக உப்பைச் செலுத்தினாலும் அதே பழக்கம் வந்தது. அப்படியென்றால் அது வேதியியல்.

மழைக்காடு: வேதியியல் இல்லாத நினைவு எது? நம் மூளையிலும் அதுதானே! பழகிய செல்லும் பழகாத செல்லும் ஒன்றாக இணைந்தால், சுமார் மூன்று மணி நேரத்தில் இடையே ஒரு குழாய் உருவாகி, பழக்கம் மற்றதற்கும் போகிறது. எனக்கு அதைவிட அழகான முடிவு இந்தத் துறையில் இல்லை.

அகார்தட்டு: இருவரும் ஒரு பிழைமூலத்தை விட்டுவிட்டீர்கள். ஸ்லைம் மோல்டு போகுமிடமெல்லாம் சளித்தடம் விடும். பிறகு அந்தத் தடத்தையே தவிர்க்கும். பயன்படுத்திய பாலத்தை மறுநாளும் வைத்தால், நீங்கள் அளப்பது குயினைன் தயக்கமா, தடத் தயக்கமா என்று தெரியாது. தினமும் புதுப் பாலம் வையுங்கள். பக்கத்திலேயே வெறும் அகார் பாலம் ஒன்றும் ஓடட்டும். இரண்டுக்கும் ஒரே தட்டிலிருந்து ஒரே அளவுத் துண்டு, ஒரே பட்டினி நேரம்.

வளர்க்க 1% அகார் போதும், சர்க்கரை சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பாக்டீரியா முந்திக்கொள்ளும். ஓட்ஸை ஒன்றிரண்டாகப் போடுங்கள், மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். 20–25 டிகிரி, நல்ல இருட்டு. நுண்ணோக்கியில் ஒரு குழாயைப் பார்த்தால் மஞ்சள் துகள்கள் ஒரு பக்கமாகப் பாய்ந்து, நின்று, ஒரு நிமிடம் போல ஆனதும் எதிர்ப்பக்கம் திரும்பும். பட்டினியோடு வெளிச்சமும் சேர்ந்தால் கரிய வித்துத் தலைகளாக மாறிவிடும். மாறத் தொடங்கியதைத் திருப்ப முடியாது, அந்தத் தட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.